சனிக்கிழமை பஸ்ஸில் வந்த உரப்பை

“தேங்காய் என்ன விலை அண்ணை?”

கடைக்காரர் விலையைச் சொன்னார்.

“எத்தினை தேங்காய்க்கு?”

அவர் தராசிலிருந்து தலையை நிமிர்த்தி என்னை ஒருமுறை வடிவாக உற்றுப் பார்த்தார். நக்கலடிக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். என் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று கண்டதும் அவருடைய குரல் இளகியது. “ஒண்டுக்குத்தான் தங்கச்சி,” என்றார்.

வவுனியாவுக்கு வந்த மூன்றாம் நாள் காலை அது. பக்கத்தில் நின்ற மகள் அபி என் கையைக் கிள்ளினாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாயால் வருகிற வெட்கம் அளவில்லாதது. நான் அவளைப் பொருட்படுத்தாமல் ஒரு தேங்காயை எடுத்துத் தட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, காசைக் கொடுத்தேன்.

நாற்பது வயதுக்காரிக்குத் தேங்காய் விலை தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். புதுக்குடியிருப்புப் பக்கத்தில் எங்கள் வளவில் இருபத்திரண்டு தென்னை நிற்கின்றன. விடிய எழும்பி முற்றம் கூட்டப் போனால் இரண்டு காய் விழுந்து கிடக்கும். சமையலுக்கு மிஞ்சினால் எண்ணெய்க்குக் காய வைப்போம், அதற்கும் மிஞ்சினால் கேட்டவர்களுக்குக் கொடுப்போம். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் காசு கொடுத்துத் தேங்காய் வாங்கியதுண்டுதான். அப்போது கடையில் தேங்காய் இருக்கிறதா என்றுதான் கேட்டோம், விலை கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு நட்ட கன்றுகள் காய்க்கத் தொடங்கியதிலிருந்து தேங்காய்க்கு ஒரு விலை உண்டு என்பதே எனக்கு மறந்துவிட்டது.

அந்தத் தேங்காயில் பாதியைத் துருவி, மறுபாதியைத் தண்ணீரில் போட்டு மூடி வைத்தேன். அன்று வைத்த சொதி தண்ணீராகத்தான் இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு ஒரு கவலையும் வரவில்லை.

எனக்கு வந்த புழுகம்

போன வாரம் லொறியில் சாமான் ஏற்றிய கதையை எழுதியிருந்தேன். “அப்படி என்னத்துக்காக ஊரை விட்டு வந்தீர்கள்?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வேலைக்காகத்தான் வந்தேன்.

பத்து வருடம் ஊர் முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். அதற்குக் கிடைத்ததைச் சம்பளம் என்று சொன்னால் சம்பளம் கோபித்துக்கொள்ளும். தபாலில் கணினி வகுப்புப் படித்தேன், விண்ணப்பம் போட்டேன், மறந்தும்விட்டேன். ஒரு நாள் வவுனியாவில் ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. வருகிற நோயாளிகளின் பெயரைப் பதிகிற வேலை. மாதச் சம்பளம், மேலே மின்விசிறி, சுற்றுகிற கதிரை. முதல் நாள் யாரும் பார்க்காத நேரத்தில் அந்தக் கதிரையில் ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பார்த்தேன். இதை இவர் இன்றுதான் இங்கே வாசித்து அறியப் போகிறார்.

வீடு பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் கிடைத்தது. பெரிய வீடொன்றின் பின்பகுதி. இரண்டு அறை, ஒரு குசினி. குசினிக்குள்ளேயே குழாய். ஊரில் கிணற்றில் அள்ளிக் குடத்தில் சுமந்து கை காய்த்தவளுக்குக் குழாயைத் திருகினால் தண்ணீர் வருவது பெரிய சங்கதி. முதல் நாள் தேவையே இல்லாமல் மூன்று தரம் பாத்திரம் கழுவினேன்.

பின்னேரங்களில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ ஒழுங்கைக்குள் வரும். வாசலில் நின்றே சூடான பாண் வாங்கலாம். இருட்டினால் வீதி விளக்குத் தானாக எரியும். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று நாலு பக்கமும் பார்த்தால் எங்கே போவது என்று தெரியாமல் மனம் துள்ளும். நானும் அபியும் ஒரு சாமானும் வாங்காமல் கடைத்தெருவில் ஒரு மணித்தியாலம் நடந்துவிட்டு வருவோம். கலியாணம் முடித்த புதிதில்கூட எனக்கு இப்படிச் சந்தோசப் புழுகம் வந்ததில்லை. இதையும் இவர் வாசிக்கத்தான் போகிறார், பரவாயில்லை.

இவர் வைத்த நிபந்தனை

இவர் என்றால் என் கணவர். இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். வயலும் மாடும் கோழியும் ஊரில் இருக்கின்றன, அவரும் அங்கேதான். வவுனியாவுக்கு வந்தது நானும் அபியும் மட்டும்.

நான் வேலைக்குப் போவதில் அவருக்கு மறுப்பில்லை. செலவை நினைத்துத்தான் பயந்தார். அந்த வீட்டின் ஒரு மாத வாடகைக்கு எங்கள் ஊரில் ஒரு ஏக்கர் வயலை ஒரு போகத்துக்குக் குத்தகைக்கு எடுக்கலாம். முற்பணம் கட்டவே ஆசையாக வளர்த்த நாம்பன் கன்றை விற்க வேண்டி வந்தது. மீதியாக அவரிடம் இருந்தது காலபோக விதைப்புக்கென்று வைத்திருந்த காசு மட்டும். ஐப்பசியில் மழை விழுந்தால் உழவு, விதைநெல், உரம் எல்லாம் அதிலிருந்துதான். அது போனால் வயல் தரிசாகக் கிடக்கும்.

லொறி வெளிக்கிடுகிற நேரம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“இஞ்சேரும், நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்கக் கூடாது. விதைப்புக் காசில கை வைக்காமல் உம்மால சமாளிக்க ஏலுமெண்டால் இரும். எத்தினை வருசமெண்டாலும் இரும். கை வைக்க வேண்டி வந்தால் வேலையை விட்டிட்டு வந்திட வேணும்.”

“ஐப்பசி வரைக்கும் பாருங்கோ,” என்றேன். “ஒரு சதம் கேக்க மாட்டன்.”

அவ்வளவு உறுதியாகச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. என் கைப்பையில் ஒரு தாள் இருந்தது.

தாளில் எழுதாமல் விட்டவை

பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் மாதச் செலவை எழுதி வைத்திருந்தேன். ஊரில் கடைக்குப் போய் வாங்குகிற எல்லாவற்றையும் ஒன்று விடாமல் நினைவுபடுத்தி எழுதினேன். சீனி, தேயிலை, பால்மா, சவர்க்காரம், பருப்பு, மிளகாய், அபியின் கொப்பி, போனுக்குப் போடுகிற காசு. டவுன் என்பதால் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். அதற்குக் கீழே வாடகை, காஸ், கரண்ட், டியூஷன். மொத்தம் சம்பளத்துக்குள் அடங்கியது. கொஞ்சம் மிஞ்சவும் செய்தது. மிஞ்சுகிற காசில் எனக்கொரு தோல் செருப்பு வாங்கலாம் என்றுகூட ஓரத்தில் எழுதியிருந்தேன்.

இரண்டாம் மாதம், சம்பளம் எடுத்துப் பதினெட்டாம் நாள், அலுமாரிக்குள் காசு வைக்கிற டப்பாவில் பஸ் காசு மட்டும் மிச்சம் இருந்தது.

செருப்பு வாங்கவில்லை. ஓட்டோவில் ஏறவில்லை. எங்கே போனது என்று எனக்கு விளங்கவே இல்லை. இரண்டு நாள் பாணும் சம்பலுமாக ஓட்டினேன். சம்பலுக்கும் தேங்காய் வேண்டும் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது. வேறு வழியில்லாமல் இவருக்குப் போன் எடுத்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், மனம் ஆறியிருக்கும். “எவ்வளவு வேணும்?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

“அது ஒரு பை யூரியாவின்ர காசு,” என்றார். “நாளைக்கு அனுப்பிவிடுறன். ஆனா சுதா, இது ஒரு தரம்தான். இன்னொரு தரமெண்டால் நானே லொறி பிடிச்சுக்கொண்டு வாறன்.”

போனை வைத்துவிட்டு அழுதேன். குழாயைத் திறந்துவிட்டு, அபிக்குக் கேட்காமல் அழுதேன். அந்தச் சுற்றுகிற கதிரையை விட்டுப் போக எனக்கு மனமே இல்லை.

அபி அந்தக் கலண்டர் தாளை மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி அவள்.

“அம்மா, ஊரில காசு குடுத்து வாங்கினதை மட்டும்தான் எழுதியிருக்கிறியள்,” என்றாள். “நாங்கள் சாப்பிட்டதை எழுதேல்லை.”

தாளை வாங்கிப் பார்த்தேன். அதில் தேங்காய் இல்லை. முட்டை இல்லை. முருங்கைக்காய், கறிவேப்பிலை, தேசிக்காய், வாழைக்காய், கீரை ஒன்றும் இல்லை. அரிசிகூட இல்லை. கொண்டுவந்த ஒரு மூட்டை முடிந்த பிறகு கடை அரிசிதான் வாங்கிக்கொண்டிருந்தேன். குடிக்கிற தண்ணீரும் அதில் இல்லை. ஒழுங்கைக் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு படிகிறது என்று எல்லோரும் வடிகட்டிய தண்ணீரைக் கானில் வாங்குகிறார்கள், நானும் வாங்கினேன். எங்கள் கிணற்றைத் தாளில் எழுத எனக்கு எப்படித் தோன்றும்?

எங்கள் பக்கத்துச் சனம் எல்லோரும் செய்யக்கூடிய பிழை இது. வீடு நிறையச் சாப்பாடு இருந்தும் காசு இல்லை என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்தவர்கள் நாங்கள். வளவில் விளைந்தது வருமானத்திலும் சேராது, செலவிலும் சேராது.

சனிக்கிழமைப் பை

மறுநாள் காலையிலேயே இவருக்குப் போன் எடுத்தேன். “காசு இனி வேண்டாம். சாமானைப் போட்டு விடுங்கோ.”

எங்கள் பக்கத்தில் பஸ் சனத்தை மட்டும் ஏற்றிப் போவதில்லை. மருந்து, பலகாரம், கோழி, கலியாணச் சேலை, உடைந்த பம்பின் பாகம் எல்லாவற்றையும் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டுப் போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றப் பக்கத்தில் ஆள் வந்து நிற்கும். நாற்பது வருடம் இதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ஒன்றரை மாதமாக இந்த யோசனை வரவில்லை. டவுனுக்கு வந்தால் டவுன்காரியாக வாழ வேண்டும் என்ற ஆசைதான் காரணம், வேறென்ன.

சனிக்கிழமை பஸ் நிலையத்தில் காத்து நின்றேன். ஓமந்தை தாண்டியதும் கொண்டக்டர் போன் எடுத்துச் சொன்னார். பஸ் வந்து நின்று, பின் கதவு திறந்து, யூரியா உரப்பை ஒன்று நிலத்தில் இறங்கியது. கழுவிக் காய வைத்த பழைய பை. வாயை இவர் தைத்திருந்தார். அந்தக் கோணல் தையலை விரலால் தடவிப் பார்த்தேன்.

வீட்டுக்குக் கொண்டுபோய் அறுத்துக் கொட்டினோம். தேங்காய்கள், வாழைக்காய், தவிட்டுக்குள் புதைத்த முட்டைகள், பச்சைக் கச்சான் கடலை, முருங்கையிலை, கறிவேப்பிலை. அந்த அறை முழுக்க எங்கள் வளவு மணந்தது. அபி கச்சானை மண்ணோடு வாயில் போட்டாள்.

பிறகு நான் என்ன செய்தேன் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் பை அவிழ்த்தால் அயலுக்குக் கொடுக்காமல் அடுப்பில் வைக்க மாட்டோம். இருந்த கிண்ணங்களை எல்லாம் எடுத்து நிரப்பி ஒழுங்கையில் ஆறு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லோரும் முகம் மலர்ந்து வாங்கினார்கள். நான் மிதந்துகொண்டு திரும்பி வந்தேன்.

செவ்வாய்க்கிழமை அதே கடைக்குப் போய் அதே அண்ணையிடம் ஒரு தேங்காய் வாங்கினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

அடுத்த சனிக்கிழமையும் பை வந்தது, அடுத்ததும் வந்தது. நானும் திருந்தவில்லை. கொடுக்காமல் எப்படிச் சாப்பிடுவது? வெறும் பையை மடித்து அன்றைய பஸ்ஸிலேயே கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவேன். வந்ததற்குக் காசு வாங்குவார், வெறும் பை திரும்பிப் போவதற்கு ஒன்றும் கேட்க மாட்டார். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காத வழக்கத்தில் வளர்ந்தவள் நான். வாரா வாரம் வெறும் பையைக் கொடுக்கும்போது கை கூசியது.

கிண்ணத்துக்குள் காசு

மூன்றாம் கிழமை, பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த சாந்தி ரீச்சர் என் கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். தனியாக இருந்து படிப்பிக்கிறவர், கிளிநொச்சிக்காரி, நல்ல அமைதி. கிண்ணம் கழுவித் துடைத்திருந்தது. அதற்குள் காசு மடித்து வைத்திருந்தது.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“என்ன ரீச்சர் இது?”

“இல்லை அக்கா, ஒவ்வொரு கிழமையும் தாறியள்…”

“முருங்கையிலைக்குக் காசு வாங்கிற சாதி சனம் எங்கட பக்கத்தில இல்லை,” என்று சொல்லிக் காசை அவருடைய கையிலேயே திணித்தேன். குரல் நான் நினைத்ததை விட உரத்துவிட்டது. அவர் முகம் கறுத்துத் திரும்பிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை நான் கிண்ணத்தோடு போனபோது ரீச்சர் கதவைப் பாதிதான் திறந்தார். “வேண்டாம் அக்கா, வீட்டில இருக்கு,” என்றார். நான் கிண்ணத்தோடு வாசலில் நின்றேன். என் வாழ்க்கையில் கொடுத்த சாமானை ஒருவர் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தரம்.

ராத்தா சொன்ன கதை

வீட்டுக்காரி கைருன்னிசா ராத்தா இதையெல்லாம் முன் விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள்; என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. கணவருக்குச் சந்தையில் பலசரக்குக் கடை. முல்லைத்தீவில் பிறந்து, சிறு வயதில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, பிறகு வவுனியாவில் வந்து காலூன்றியவர். அவருக்கும் எனக்கும் அதுவரை வாடகைக் கதை மட்டும்தான் இருந்தது.

“இஞ்ச வந்து இருங்கோ சுதா,” என்று கதிரையைக் காட்டினார். “ரீச்சரோட என்ன பிரச்சினை?”

நான் கொட்டித் தீர்த்தேன். காசு கொடுத்து என்னைக் கேவலப்படுத்திவிட்டார் என்றேன்.

ராத்தா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “புத்தளத்துக்குப் போன புதிசில எங்களிட்ட ஒண்டும் இல்லை. அங்கத்தைச் சனம் தந்துதான் சாப்பிட்டம். தந்தவை நல்ல மனிசர், நான் குறை சொல்ல மாட்டன். ஆனா வாங்கி வாங்கி எங்கட உம்மா குனிஞ்சு போனா. வாப்பா கூலி வேலைக்குப் போய் முதல் காசு கொண்டந்த அண்டைக்கு உம்மா கடைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கினா. ஒண்டே ஒண்டு. அதைக் கையில வச்சுக்கொண்டு ரோட்டால நடந்து வந்தா பாருங்கோ, அந்த நடை இப்பவும் என்ர கண்ணில நிக்குது.”

அந்த உம்மாவின் நடையை நினைத்துப் பார்த்தேன்.

“ரீச்சருக்குத் திருப்பித் தர வளவு இல்லை,” என்றார் ராத்தா. “சம்பளம்தான் இருக்கு. அதில தந்தா. நீங்க அதைத் தள்ளிவிட்டால் அவா என்ன செய்யிறது?”

நியாயம்தான். எங்கள் ஊரில் கிண்ணம் வெறுமையாகத் திரும்பாது, கொஞ்சம் புளியோ இரண்டு மாங்காயோ அதில் வரும். அதைப் போலத்தான் ரீச்சரின் கிண்ணமும் வந்திருக்கிறது. எனக்குத்தான் அதை வாங்கத் தெரியவில்லை.

அன்று பின்னேரமே ரீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன். “அண்டைக்கு நான் கதைச்சது பிழை ரீச்சர்,” என்றேன். “அந்தக் காசைத் தாங்கோ.”

ரீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். தந்த காசைத் திருப்பிவிட்டு, பிறகு வீடு தேடி வந்து கேட்டவளை அவர் வேறெங்கும் கண்டிருக்க மாட்டார். உள்ளே போய்க் காசைக் கொண்டுவந்து தந்து, “அப்ப வாற கிழமை எனக்கு ரெண்டு தேங்காயும் அஞ்சு முட்டையும் வேணும்,” என்றார்.

ஆவணி, புரட்டாதி

ரீச்சர் கேட்டதும் அடுத்த வீடும் கேட்டது. ராத்தாவும் கேட்டார், அவருடைய தங்கையும் கேட்டார். விலை சொல்ல எனக்கு வாய் வராது என்று கண்டு விலையை ராத்தாவே வைத்தார். கடை விலையை விடக் கொஞ்சம் குறைவு. வாங்குகிறவர்கள் கிண்ணத்தோடு வருவார்கள், காசைக் கிண்ணத்தில் வைத்துத் தந்துவிட்டுச் சாமானை அதில் வாங்கிப் போவார்கள். அவர்கள் படலையைத் தாண்டும்வரை நான் காசை எண்ண மாட்டேன். இன்றைக்கும் அப்படித்தான்.

ஆனால் இவருக்குச் சொல்லவில்லை. முருங்கையிலை கேட்டு வந்தவரிடம் காசு வாங்கினால் மானம் போய்விடும் என்று நினைக்கிற ஆள் அவர். என்னை அப்படி ஆக்கியதே அவருடைய வீடுதான். போனில், “கிழமைக்குப் பதினைஞ்சு தேங்காய் போடுங்கோ, முப்பது முட்டை போடுங்கோ,” என்று மட்டும் சொல்வேன்.

“ரெண்டு பேர் கிழமைக்குப் பதினைஞ்சு தேங்காய் சாப்பிடுறியளோ?”

“அபி வளருற பிள்ளையெல்லோ.”

“ம்,” என்பார்.

ஒரு பை இரண்டு பையானது, “கடை போட்டிட்டியளோ அக்கா?” என்று கொண்டக்டர் கேட்டுச் சிரித்தார். முன்பு அள்ளி அடைத்து வந்த முருங்கையிலை ஒரே அளவுப் பிடிகளாக, வாழைநாரால் கட்டி வரத் தொடங்கியது. முட்டைகள் பத்துப் பத்தாகத் தனிப் பொட்டலத்தில் வந்தன. நாங்கள் இல்லாமல் மனிசனுக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்துக் கவலைப்பட்டேன்.

கலண்டர் தாளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தோம். இந்த முறை அபி எழுதினாள். பையில் வருவதை ஒரு பக்கம், கிண்ணத்தில் வருவதை ஒரு பக்கம். தண்ணீர்க் கானும் காஸும் கரண்டும் கிண்ணத்துக் காசிலேயே அடங்கின. சம்பளம் வாடகைக்கும் டியூஷனுக்கும் போய் ஒரு பிடி மிஞ்சியது. அந்த ஒரு பிடியை டப்பாவில் போட்டு அடியில் வைத்தேன். சனிக்கிழமை விடிந்தால் எனக்குக் கால் நிலத்தில் நிற்காது. பஸ் வர ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே போய் நிற்பேன்.

பாரமான பை

ஐப்பசி பிறந்தது. பின்னேரங்களில் வானம் இருட்டத் தொடங்கியது. மருத்துவமனைக் கண்ணாடிக் கதவுக்குள்ளால் அதைப் பார்த்துக்கொண்டே பெயர் பதிந்தேன். இவர் இரண்டொரு நாளில் விதைப்பார். விதைப்புக் காசில் ஒரு பை யூரியா குறைகிறது. அவர் அதைக் கேட்கவே இல்லை. கேட்காமல் இருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் டப்பாவைக் கவிழ்த்தோம். செருப்புக்கு மிஞ்சாது. யூரியாவுக்குப் போதும்.

சனிக்கிழமை ராத்தாவின் கணவர் கடைக்குச் சாமான் ஏற்றுகிற தன்னுடைய லாண்ட்மாஸ்டரில் ஏற்றிவந்து பஸ் நிலையத்தில் இறக்கித் தந்தார். வாய் பிரிக்காத புதுப் பை. கொண்டக்டர் வழக்கம்போலச் சாமானை இறக்கிவிட்டு, மடித்த வெறும் பைக்காகக் கையை நீட்டினார்.

“அது இல்லைத் தம்பி. இதை ஏத்துங்கோ.”

அவர் ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து விட்டுவிட்டார். “என்னக்கா, உள்ளுக்க கல்லோ?”

“யூரியா. இவரிட்டக் குடுத்திடுங்கோ.”

“இவ்வளவு நாளும் போன பைக்கு நான் காசு கேக்கேல்லை,” என்றார் அவர். “இதுக்குக் கேப்பன்.”

“கேளுங்கோ,” என்றேன். கேட்டதைக் கொடுத்தேன், பேரம் பேசவில்லை. பஸ் திரும்பி வெளியே போகும்வரை நின்று பார்த்தேன். நானும் அபியும் கையைக் கோத்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தோம்.

பின்னேரம் போன் அடித்தது.

“பை வந்திட்டுது,” என்றார் இவர். பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

“ஓம்.”

“புதுப் பை.”

“ஓம். அண்டைக்கு உங்களிட்ட வாங்கின காசுக்கு.”

இனி மறைத்து என்ன பயன் என்று நினைத்தேன். “இஞ்சேரப்பா, நான் ஒண்டு சொல்ல வேணும். நீங்கள் அனுப்பினதெல்லாம் நாங்கள் சாப்பிடேல்லை. நான்…”

“தெரியும்,” என்றார். “கொண்டக்டர் ஆவணியிலயே சொல்லிப் போட்டான்.”

“ஆவணியிலயோ?”

“பின்னை, முருங்கையிலையை நான் ஏன் பிடி பிடியா அளந்து கட்டி அனுப்பினனான் எண்டு நினைச்சீர்? பார்த்து வாங்கிற சனத்துக்குக் கசங்கினதைக் குடுக்க ஏலுமோ?”

நான் போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அபி என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து பக்கத்தில் வந்தாள். ஊருக்கு வா என்பாரோ, இரு என்பாரோ என்று ஆடியிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

அவர் இரண்டையும் சொல்லவில்லை.

“மழை பிடிச்சிட்டுது, நாளைக்கு விதைக்கிறன்,” என்றார். “வாற கிழமைக்கு எத்தினை தேங்காய் போட?”

“இருபது,” என்றேன்.